உயர்பட்ட மாணவர் சங்கத்தில் பதவி ஏற்பவருக்கு: வேட்புமனு முதல் கையளிப்பு வரை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயர்பட்ட மாணவர் சங்கம் ஒன்றின் செயலாளராக நான் தெரிவான அன்று என் கைக்கு வந்தவை ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் இரண்டு கோவைகள், மை காய்ந்துபோன ஒரு றப்பர் முத்திரை ஆகியவை மட்டுமே. எந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை, வங்கியில் எவ்வளவு காசு இருக்கிறது, அதற்கு யார் கையொப்பமிடலாம் என்பவற்றைச் சொல்லக்கூடியவர் எவரும் ஊரில் இல்லை. முன்னைய பொருளாளர் கனடாவுக்குப் போய்விட்டிருந்தார். யாப்பின்படி எங்கள் பதவிக்காலம் ஓராண்டு. அதில் முதல் ஐந்து மாதங்களும் சங்கத்தைத் தேடிப் பிடிப்பதிலேயே கழிந்தன. உங்களுக்கு அந்த ஐந்து மாதங்களும் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்பட்டக் காலத்தில் பீட மாணவர் ஒன்றியத்தில் இருந்த அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். அது இங்கே அரைவாசிக்குத்தான் உதவும். அங்கே உறுப்பினர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை வளாகத்திலேயே இருப்பார்கள். ஒரு கூட்டத்தை மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கூட்டிவிடலாம். முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதிப் படிப்புகளில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஆசிரியர்கள், வங்கி அலுவலர்கள், வைத்தியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் என்று வேலையில் இருப்பவர்கள். அவர்கள் சனி, ஞாயிறு விரிவுரைக்கு வருகிறார்கள். அந்த இரு நாட்களிலும் நிர்வாக அலுவலகங்கள் பூட்டியிருக்கும். அலுவலகம் திறந்திருக்கும் கிழமை நாட்களில் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் வளாகத்தில் இல்லை. பதவியில் இருக்கும் ஓராண்டு முழுவதும் நீங்கள் செய்யப்போவது இந்த இரண்டு நாட்காட்டிகளையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலைதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1. வேட்புமனுவுக்கு முன்னர் மூன்று தாள்களை வாங்கிப் பாருங்கள்

முதலாவது, சங்கத்தின் யாப்பு. பழைய உறுப்பினர் ஒருவரின் கைப்பேசியில் இருக்கும் படம் போதாது. திருத்தங்கள் சேர்க்கப்பட்ட, பொதுக்கூட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட திகதி குறிக்கப்பட்ட பிரதியைக் கேளுங்கள். இரண்டாவது, சங்கத்தைப் பல்கலைக்கழகம் அங்கீகரித்த கடிதம். இலங்கையில் பல்கலைக்கழகங்களையும் அவற்றின் மாணவர் ஒன்றியங்களையும் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் ஆளுகின்றன. ஆகவே உங்கள் சங்கம் எந்த ஏற்பாட்டின் கீழ், எவருடைய அங்கீகாரத்துடன் இயங்குகிறது என்பது தெரியாமல் ஒரு கடிதத் தலைப்பைக்கூட அச்சிடாதீர்கள். மூன்றாவது, கடைசியாகச் சமர்ப்பிக்கப்பட்ட கணக்கறிக்கை. அப்படி ஒன்று இல்லை என்று சொல்லப்பட்டால், தேர்தலில் நிற்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பொருளாளர் பதவிக்கு மட்டும் நிற்காதீர்கள் என்பேன்.

உங்களைப் பற்றிய இரண்டு விடயங்களையும் இப்போதே சரிபாருங்கள். உங்கள் மாணவர் பதிவு எந்தத் திகதி வரை செல்லுபடியாகும்? பதவிக்காலத்தின் நடுவே பதிவு முடிந்து, நீடிப்புக்கு விண்ணப்பிக்கவும் மறந்துபோனால், யாப்பின்படி உறுப்புரிமை போய்விடும், அதனோடு பதவியும் போய்விடும். எங்கள் உபதலைவருக்கு இது நேர்ந்தது. அவர் பதவி இழந்ததை மூன்று கூட்டங்கள் முடிந்த பின்னர்தான் நாங்களே கவனித்தோம். மற்றையது, நீங்கள் அரச சேவையில் இருந்தால் அரச உத்தியோகத்தர்களுக்கான தாபன விதிக்கோவையின் நடத்தை விதிகளுக்கும் உட்பட்டவர். ஊடகங்களுக்குப் பேசும் பொறுப்பை அரச உத்தியோகத்தில் இல்லாத ஒருவரிடம் கொடுப்பதென்று செயற்குழுவில் முதலிலேயே பேசி முடிவெடுப்பது நல்லது.

2. தெரிவு

இதில் நீட்டி எழுத அதிகம் இல்லை. உயர்பட்ட மாணவர் சங்கங்களில் போட்டி அரிது. பெரும்பாலும் எவரையாவது பிடித்து நிறுத்துவதே பாடாக இருக்கும். ஆனாலும் போட்டியின்றித் தெரிவானாலும் தாள்கள் முறையாக இருக்க வேண்டும். வேட்புமனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரும் அந்த ஆண்டுக்கான சந்தா செலுத்தியவர்களா என்பதைப் பற்றுச்சீட்டு இலக்கத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலர் வேட்பாளராக இருக்கக் கூடாது. இயன்றால் விரிவுரையாளர் ஒருவரைக் கேளுங்கள். முடிவை அவர் எழுத்தில், திகதியோடு, கையொப்பமிட்டுத் தர வேண்டும். அந்தத் தாளின் மூலப்பிரதி பின்னர் வங்கிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் தேவைப்படும் என்பதால் மூன்று பிரதிகளில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

3. முதல் இரண்டு வாரங்களில் கையேற்புப் பட்டியல்

தெரிவாகி மாலை போட்டு, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் வாழ்த்துகள் வந்து குவிந்துகொண்டிருக்கும் அந்த வாரத்தில்தான் முன்னைய குழுவினர் உங்களோடு மிகவும் அன்பாக இருப்பார்கள். அந்த அன்பு ஆறும் முன்னர் ஒரு மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு பொருளையும் எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிடுங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. ஆறு மாதம் கழித்து ஒலிபெருக்கி எங்கே என்று கேட்டபோது இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பட்டியலில் இருக்க வேண்டியவை: யாப்பு, கூட்டக்குறிப்புப் புத்தகம், அங்கத்தவர் பதிவேடு, பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் (பயன்படுத்தியவை, பயன்படுத்தாதவை இரண்டும், இலக்கங்களுடன்), காசுப் புத்தகம், வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகம், முத்திரை, உட்கடிதக் கோவை, வெளிக்கடிதக் கோவை, சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கும் கடவுச்சொல்லும், முகநூல் பக்கத்தின் நிர்வாகி உரிமை. கடைசி இரண்டையும் எவரும் எழுதிக்கொள்வதில்லை. மின்னஞ்சல் கணக்கு முன்னைய செயலாளரின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல்லை மட்டும் பெற்றுப் பயனில்லை. சரிபார்ப்பு எண் அவருடைய தொலைபேசிக்கே போகும், அவர் ரொறன்ரோவில் உறங்கிக்கொண்டிருப்பார். அதே மேசையில், அதே மணித்தியாலத்தில் இலக்கத்தை மாற்றிவிடுங்கள்.

செலவு அதிகமில்லை. எங்கள் ஆண்டில் புதிய முத்திரைக்கு 1,200 ரூபாயும் இரண்டு சீ.ஆர். கொப்பிகளுக்கும் கோவை உறைகளுக்கும் 1,500 ரூபாயளவும் போயின. கூட்டக்குறிப்பைக் கணினியில் அடித்தாலும், அச்செடுத்துக் கொப்பியில் ஒட்டி, பக்கங்களுக்கு இலக்கமிட்டு, அடுத்த கூட்டத்தில் தலைவரின் கையொப்பம் வாங்குங்கள். உதிரித் தாளுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

4. வங்கிக் கணக்கில் கையொப்பம் மாற்றுதல்

இந்த ஒரு வேலையில்தான் நாங்கள் அதிகமாக அல்லற்பட்டோம். தவறு முழுவதும் எங்களுடையதே. கையொப்பமிடுபவர்களை மாற்றக் கோரிப் பொருளாளர் வங்கிக்குப் போனார். கூட்டக்குறிப்பின் உறுதிப்படுத்தப்பட்ட பகுதியைக் கேட்டார்கள். எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பில் "புதிய நிர்வாகம் தெரிவு செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. யார் யார் கையொப்பமிடுவது, இருவரா மூவரா, பழையவர்களின் அதிகாரம் எப்போது முடிகிறது என்ற எதுவும் அதில் இல்லை. இல்லாத தீர்மானத்தைப் பழைய திகதியிட்டு எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆகவே விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்ட வேண்டியிருந்தது. அதற்கு யாப்பின்படி 14 நாள் அறிவித்தல். முதல் தடவை நிறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. அதற்குள் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. இப்படியே நான்கு மாதம் போயிற்று. அதுவரை சங்கத்தின் செலவுகள் எல்லாம் தலைவருடைய சட்டைப்பையிலிருந்து நடந்தன.

உங்களுக்கு இது நேராமலிருக்க, தெரிவு நடக்கும் பொதுக்கூட்டத்திலேயே பின்வருமாறு ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து, வழிமொழிந்து, நிறைவேற்றிவிடுங்கள்: "சங்கத்தின் பெயரில் இன்ன வங்கியின் இன்ன கிளையிலுள்ள இன்ன இலக்கக் கணக்கை இன்று முதல் பெரும்பொருளாளரின் கையொப்பம் கட்டாயமாக அமையத் தலைவர் அல்லது பொருளாளர் இணைந்து இயக்குவதெனவும், முன்னைய நிர்வாகத்தினரின் கையொப்ப அதிகாரம் இன்றுடன் நீங்குவதெனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." பெயர்களைத் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தலைப்பெழுத்து ஒன்று மாறினாலும் திரும்பி வரவேண்டியிருக்கும். எங்கள் பொருளாளரின் அட்டையில் தகப்பனார் பெயர் முன்னாலும் கூட்டக்குறிப்பில் பின்னாலும் இருந்தது. அதற்காக ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தோம்.

கொண்டுபோக வேண்டியவை எங்கள் அனுபவத்தில் இவை: தீர்மானம் அடங்கிய கூட்டக்குறிப்பின் பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர், செயலாளர் கையொப்பமும் முத்திரையும், தெரிவத்தாட்சி அலுவலரின் முடிவுக் கடிதம், யாப்பின் உறுதிப்படுத்திய பிரதி, பல்கலைக்கழக அங்கீகாரக் கடிதம், புதியவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் மூலமும், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணம். கையொப்பமிடவுள்ள எல்லோரும் நேரில் போக வேண்டும் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்பொருளாளர் விரிவுரையாளர், தலைவர் பாடசாலை ஆசிரியர், பொருளாளர் மருத்துவமனையில்; மூவருக்கும் ஒரே கிழமை நாளில் காலை ஒன்பதுக்கும் மூன்றுக்கும் இடையில் ஓய்வு கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தைக் கண்டுபிடிப்பது, ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கண்டுபிடிப்பதிலும் கடினம். பாடசாலை விடுமுறையின் முதல் வாரத்தைக் குறிவையுங்கள். போகும் முன்னர் கிளைக்குத் தொலைபேசியில் அழைத்துத் தேவையான ஆவணங்களை ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிளைக்குக் கிளை சிறு வித்தியாசங்கள் இருக்கும்.

பெரும்பொருளாளர் என்ற சொல் புதியவர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். பல்கலைக்கழகச் சங்கங்களின் கணக்குக்குப் பொறுப்பாக நியமிக்கப்படும் ஆசிரியர் உறுப்பினர் அவர். அவருக்கு மாதம் ஒரு தடவை ஒரு பக்கத்தில் வரவு செலவு எழுதிக் கொடுத்துவந்தால், கையொப்பத்துக்காக அவர் அறைக்கு முன்னால் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறையும். ஒரே மூச்சில் பதினொரு செலவுச்சிட்டைகளைக் கொண்டுபோய் நீட்டினால் எந்தக் கவனமான மனிதரும் கையொப்பமிடமாட்டார்.

5. கடிதம் எழுதுவதற்கு முன் "ஊடாக" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்

நாங்கள் முதன்முதலில் எழுதிய கடிதம் நூலகத்தை ஞாயிறு பின்னேரமும் திறந்துவைக்கக் கோரியது. நேராகத் துணைவேந்தருக்கு எழுதினோம், மூன்று பக்கம், நல்ல தமிழில். பதில் வராமல் விசாரித்தபோதுதான், அது உரிய வழியால் வரவில்லை என்று கீழே அனுப்பப்பட்டிருந்தது தெரியவந்தது. உயர்பட்ட மாணவர் விடயங்கள் வழக்கமாகத் திணைக்களத் தலைவர், பீடாதிபதி அல்லது உயர்பட்டப் படிப்புகளுக்குப் பொறுப்பான பீடாதிபதி, பதிவாளர் என்ற வழியால் போகும். கடிதத்தின் விலாசத்துக்குக் கீழே "ஊடாக" என்று எழுதி அந்தப் பதவிகளைக் குறிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் சிபார்சை எழுதிக் கையொப்பமிட்டு மேலே அனுப்புவர். அவசரமாயின், "முற்பிரதி" என்று மேலே குறித்த ஒரு பிரதியை இறுதியில் பெறுபவருக்கு நேரடியாகவும் கொடுக்கலாம். ஊடாக வரும் மூலப்பிரதியை அது ஈடுசெய்யாது.

ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் எழுதுங்கள். நூலகம், குடிநீர், ஆய்வேட்டுக் கட்டணம் மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால், அது மூன்று பிரிவுகளுக்கும் போக வேண்டியதாகி ஒரு பிரிவிலும் கோவை திறக்கப்படாது. முதல் பந்தியிலேயே கேட்பதைச் சொல்லுங்கள். எத்தனை மாணவர்கள், எந்த நாட்கள், எத்தனை மணித்தியாலம் என்று எண்ணோடு எழுதுங்கள். எங்கள் இரண்டாவது கடிதம் ஒரு பக்கம்தான். ஆறு வார இறுதிகளில் நூலக வாசலில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று நாங்களே நின்று எண்ணிய அட்டவணையை அதனுடன் இணைத்திருந்தோம். அது நகர்ந்தது.

கடிதம் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் பெறுபவரின் கையொப்பமும் திகதி முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியேறாதீர்கள். முதல் நினைவூட்டலை மூன்று வாரத்தில் அனுப்புங்கள்; அதில் முந்தைய கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிடுங்கள். ஒரு விடயம் மூதவைக்கு (பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் சபைக்கு) போக வேண்டியதாயின் அதற்கெனக் கூட்ட நாட்களும், ஆவணங்கள் சேர வேண்டிய கடைசி நாளும் இருக்கும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை, பெரும்பாலும் ஒரு மாதம், காத்திருக்க வேண்டும். ஆகவே மூதவைக் கூட்டங்களின் திகதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிழமை நாளில் வரக்கூடிய ஒருவர் செயற்குழுவில் கட்டாயம் வேண்டும். முழுநேர ஆய்வு மாணவர் அல்லது உதவி விரிவுரையாளராகப் பணிபுரியும் ஒருவர் அதற்குப் பொருத்தமானவர். அவருக்குப் பெரிய பதவி எதுவும் இல்லாவிட்டாலும் சங்கம் நடப்பது அவராலேயே. எங்கள் குழுவில் அப்படியிருந்தவர் சாதாரண செயற்குழு உறுப்பினர்தான்.

6. கூட்டம்: நாள், இடம், நிறைவெண்

யாழ்ப்பாணத்தில் பொதுக்கூட்டத்துக்கு நாள் குறிப்பது ஒரு தனிக் கலை. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் வேண்டாம். சுற்றுவட்டத்து வீதிகள் மூடப்பட்டிருக்கும், விரதக்காரர் மாலையில் கோயிலில் நிற்பார். போயா தினம் வார இறுதியில் வந்தால் விரிவுரை இருக்காது. விரிவுரை இல்லாத நாளில் கூட்டத்துக்கென்று எவரும் வருவதில்லை. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் ஆசிரியர்கள் மேற்பார்வைக் கடமையில் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தூரத்திலிருந்து வருபவர்கள் குறைவு. மிஞ்சுவது மாசி முதல் ஆனி வரையான காலம். அதிலும் சித்திரைப் புத்தாண்டு வாரத்தைக் கழித்துவிடுங்கள். நேரம், ஞாயிறு காலை விரிவுரை முடியும் நேரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நாற்பத்தைந்து நிமிடம். சாப்பாட்டுக்குப் பின்னர் என்று அறிவித்தால், பாதிப்பேர் கொடிகாமம் தாண்டிவிடுவர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் திருநெல்வேலியில் மட்டும் இல்லை. பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரிலும், நுண்கலைகள் மருதனார்மடத்திலும், சித்த மருத்துவம் கைதடியிலும் இருக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து ஒருவர் ஏ9 வீதியால் கூட்டத்துக்கு வந்து திரும்ப மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். ஆண்டுக்கு ஒரு செயற்குழுக் கூட்டத்தையாவது அங்கே நடத்துங்கள். மற்றக் கூட்டங்களுக்கு அவர்களை இணையவழியில் சேர்ப்பதாயின், இணையவழியில் பங்குபற்றுபவர் நிறைவெண்ணில் கணக்கெடுக்கப்படுவாரா என்பதை யாப்பில் பாருங்கள். யாப்பு மௌனமாக இருந்தால் நேரில் கூடும் முதற் பொதுக்கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்துவிடுங்கள். அந்தத் திருத்தம் வரும்வரை திரையில் தெரிபவரை எண்ணி எடுத்த எந்தத் தீர்மானத்தையும் ஒருவர் பின்னால் கேள்வி கேட்கலாம்.

சிற்றுண்டியை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐம்பது பேருக்கு ஒரு வடை, ஒரு றோல்ஸ், தேநீர் என்று கணக்கிட்டு ஆளுக்கு 200 ரூபாய், மொத்தம் 10,000 ரூபாய்க்குள் முடித்தோம். முதல் கூட்டத்துக்கு மதியச் சோற்றுப் பொதி கொடுத்த குழு ஒன்றை எனக்குத் தெரியும். அதன் பின்னர் பொதி இல்லாத கூட்டம் எதற்கும் அவர்களுக்கு ஆள் சேரவில்லை.

7. காசு

விரிவாக எழுத வேண்டியதில்லை. காசு வாங்கினால் பற்றுச்சீட்டு, காசு கொடுத்தால் செலவுச்சிட்டையும் கடைப் பற்றுச்சீட்டும், இரண்டும் அன்றைக்கே காசுப் புத்தகத்தில். முச்சக்கரவண்டிக்காரர் பற்றுச்சீட்டு தரமாட்டார்; அதற்கு எங்கிருந்து எங்கே, எதற்காக, எவ்வளவு என்று எழுதி, போனவரே கையொப்பமிட்ட சிட்டை போதும். கையிருப்புச் சில்லறைக் காசுக்கு உச்சவரம்பு ஒன்றைச் செயற்குழு தீர்மானிக்கட்டும். எங்களுடையது 5,000 ரூபாய். புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் பழைய மாணவர்கள் நன்கொடை தருவதாகச் சொன்னால் மகிழுங்கள், ஆனால் உங்களுடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அனுப்பும் வசதிக்காக என்று தொடங்குவதுதான். ஆண்டிறுதியில் உங்கள் சம்பளத்தையும் சங்கத்தின் நன்கொடையையும் பிரித்துக் காட்டும் வேலை உங்கள் தலையில் விழும்.

8. உறுப்பினரின் முறைப்பாடு வரும்போது

வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை மேற்பார்வையாளர் அத்தியாயத்தை வாசித்துத் தருவதில் உள்ள தாமதம், பரீட்சகர் அறிக்கை வராமை, பதிவு நீடிப்புக் கட்டணம் ஆகியவை பற்றியே இருக்கும். ஒருவர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழுதுகொண்டு சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அடுத்த நாள் காலை அதை வைத்து எவருடனும் பேசாதீர்கள். முதலில் அவரிடம், அவருடைய கையாலேயே, திகதி வாரியாக நடந்தவற்றை எழுதித் தரும்படியும், தன் பெயரைச் சங்கம் குறிப்பிடலாமா கூடாதா என்று அதிலேயே எழுதிக் கையொப்பமிடும்படியும் கேளுங்கள். மேற்பார்வையாளரும் மாணவரும் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஒன்றாக வேலை செய்ய வேண்டியவர்கள். சங்கத்தின் அவசரத்தால் அந்த உறவு முறிந்தால் அதை ஒட்டவைக்க உங்களால் முடியாது. ஐந்தாறு பேருக்கு ஒரே சிக்கல் இருந்தால் பெயர்கள் இன்றிப் பொதுப் பிரச்சினையாக எழுதலாம். ஒருவருக்கு மட்டுமாயின் அவர் விரும்பும்வரை பொறுத்திருங்கள். பாலியல் தொந்தரவு பற்றிய முறைப்பாடாயின் சங்கம் விசாரிக்கவே கூடாது. அதற்கென உள்ள அலுவலரிடம் அவர் போக உதவுவதோடு, துணைக்குப் போவதோடு உங்கள் பணி முடிகிறது.

பல தடவை எழுதியும் பதில் வராத பொது விடயங்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களும் அதற்கு உட்பட்டவை. தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இரகசியமாகப் பேண வேண்டிய பரீட்சைத் தகவல்களை இச்சட்டத்தால் பெற முடியாது. ஆகவே பரீட்சகர் யார் என்று கேட்டு விண்ணப்பத்தை வீணாக்காமல், கட்டண நிதி எதற்குச் செலவானது, நீடிப்பு விண்ணப்பங்கள் சராசரியாக எத்தனை நாளில் தீர்க்கப்பட்டன என்பவற்றைக் கேளுங்கள். ஆயினும் இது கடைசிப் படி. இரண்டு நினைவூட்டல்களுக்கு முன்னர் இதை எடுத்தால், பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒருவர் தற்காப்புக்குப் போய்விடுவார்.

9. போராட்டம் என்று பேச்சு எழுந்தால்

1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தைப் பகிடிவதைச் சட்டம் என்றே எல்லோரும் அறிவர். கல்வி நிறுவனத்தில் ஒருவரைப் பணயமாகத் தடுத்து வைத்தல், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், கட்டடத்தைப் பலவந்தமாகக் கைப்பற்றி இருத்தல், சொத்துக்குச் சேதம் விளைவித்தல் ஆகியவையும் அதே சட்டத்தின் கீழ்க் குற்றங்கள் என்பதைப் பதவியில் இருப்பவர்கள்கூட அறிந்திருப்பதில்லை. அலுவலக வாசலில் பதாகையோடு நிற்பதும், உள்ளே இருப்பவர் வெளியே போகாதபடி வாசலை மறிப்பதும் ஒன்றல்ல. கூட்டத்தில் குரல் உயரும்போது இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியவர் செயலாளரே. சொன்னதைக் கூட்டக்குறிப்பிலும் எழுதிவையுங்கள்.

10. உங்கள் ஆய்வுக்கு ஒரு வேலி

வாரத்துக்கு ஆறு மணித்தியாலம் என்று நான் எனக்கு வரம்பு வைத்தேன், மூன்றாம் மாதத்திலிருந்து. முதல் இரண்டு மாதங்களில் வரம்பு இல்லாததால் என் தரவு சேகரிப்பு ஒரு பாடசாலைத் தவணை பின்தள்ளிப் போயிற்று. வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்கள் எழுதும் கேள்விகளுக்குச் செவ்வாய், வெள்ளி இரவுகளில் மட்டும் பதில் வரும் என்று அறிவித்துவிடுங்கள். இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். மேற்பார்வையாளரிடம் பதவி ஏற்ற வாரத்திலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் அதை வேறொருவர் வாயால் கேட்பது நல்லதல்ல.

11. கையளிப்பு

பதவிக்காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது தொடங்குங்கள். கணக்குப் பரிசோதகருக்குக் குறைந்தது ஆறு வாரம் வேண்டும். அவரும் வேலையில் இருப்பவர்தான், ஊதியமின்றிச் செய்பவர். ஆண்டறிக்கையில் செய்தவற்றை எழுதுவது எளிது. அதைவிடப் பயனுள்ளது முடியாமல் நிற்கும் விடயங்களின் பட்டியல்: எந்தக் கடிதம், எந்தத் திகதி, இப்போது எவருடைய மேசையில், அடுத்து யார் யாரைச் சந்திக்க வேண்டும். எங்கள் பட்டியலில் ஒன்பது விடயங்கள் இருந்தன. அவற்றுள் ஞாயிறு நூலகமும் ஒன்று. பரீட்சைக் காலத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, ஆண்டு முழுவதற்கும் கோரிய கடிதம் இன்னும் ஊடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த குழு தெரிவான ஞாயிறன்றே, விரிவுரை மண்டபத்தின் பின்வாங்கில் அமர்ந்து மூன்றாம் படியிலுள்ள பட்டியலின்படி ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். வங்கித் தீர்மானத்தை அன்றைய கூட்டக்குறிப்பில் நானே எழுதினேன், பெயர்களை அடையாள அட்டையைப் பார்த்து. ஒலிபெருக்கி என்ற வரிக்கு எதிரே "கிடைக்கவில்லை" என்று எழுதி இரு செயலாளர்களும் கையொப்பமிட்டோம்.